தலைகீழாய்ப் பூத்த மூன்று பூக்கள்

ஒரே தண்டில் ஒன்பது பூக்கள். கீழே இருந்த நான்கும் ஒழுங்காக இருந்தன. உச்சியில் இருந்த இரண்டும் ஒழுங்காக இருந்தன. நடுவில் இருந்த மூன்று மட்டும் தலைகீழாகப் பூத்திருந்தன.

பல்செட்டக்கா தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு, ஸ்டூலைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, இடப்பக்கமிருந்து பார்த்தாள், வலப்பக்கமிருந்து பார்த்தாள். கடைசியில் தன் தலையையே முழங்கால்வரை கவிழ்த்தும் பார்த்தாள். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஆர்க்கிட் பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய குழப்பம் என்று தெரியும். அந்தப் பூவுக்கு ஆறு இதழ்கள். அவற்றில் ஐந்து ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கும். ஆறாவது தனி ராஜாங்கம். அகலமாக, புள்ளியும் கோடுமாக, சிலவற்றில் குஞ்சம் வைத்ததுபோலக்கூட இருக்கும். அதற்கு உதடு என்று பெயர். பூவின் அடிப்பக்கத்தில் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பறந்து வருகிற வண்டும் தேனீயும் முதலில் கால் வைக்கிற வாசல்படி அதுதான். வாசல்படியை யாராவது நிலைக்கு மேலே கட்டுவார்களா? இந்த மூன்று பூக்களும் கட்டியிருந்தன.

"என்ன அண்ணி, குனிஞ்சு எதைத் தேடுறீங்க? பல்லு ஏதும் உருண்டுடுச்சா?" என்றபடி நாத்தனார் உள்ளே வந்தாள். மாடியில் அழகு நிலையம் நடத்துகிறவள். கையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும்.

"இந்த மூணையும் பாரு. மல்லாந்து பூத்திருக்கு."

நாத்தனார் பார்த்தாள். "அவ்வளவுதானே? வரையும்போது நேரா வரைஞ்சிடுங்க. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ஒரு புருவம் மேலே, ஒரு புருவம் கீழே. நான் என்ன, ஏன்னு ஆராய்ச்சியா பண்றேன்? ஒரு இழு, ஒரு வெட்டு, முடிஞ்சுது."

"புருவத்துக்குச் சொந்தக்காரி சரின்னு சொல்லுவா. பூ சொல்லலையே."

"அதான் சௌகரியம். எதிர்த்துப் பேசாத கஸ்டமர்!"

அக்கா சிரித்துக்கொண்டாலும் தூரிகையைத் தொடவில்லை.

அவளுடைய தொழில் பல்செட் செய்வது. ஊரில் இருக்கிற பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லைப் பல்லாக நட்டு, ஒரு முழு வாயை அவள் உண்டாக்குவாள். முன்பின் பார்த்திராத மனிதர்களின் சிரிப்பை அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

பூ வரைய அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முன்னொரு நாள் மலைமேல் இருந்த மரஅறுப்பு ஆலையின் காவலாளிக்குப் பல்செட் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பும் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். எதிரே இருந்த மரத்தின் கவட்டையில் வெள்ளையாக ஒரு வரிசை தெரிந்தது. "அடப் பாவி, இப்பதானே கொடுத்தேன், அதுக்குள்ள கழட்டி மரத்துல மாட்டிட்டானா?" என்று கிட்டே போய்ப் பார்த்தாள். பல்வரிசை இல்லை, பூவரிசை. பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போயும் விட்டது. அக்கா அண்ணாந்தபடியே நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு லீவு நாள் என்றால் மலைதான். பல்லில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியே பூவுக்கும் உதவியது. செயற்கை ஈற்றுக்கு நிறம் தீட்டுகிற பூனைமுடித் தூரிகையே இதழுக்கும் ஆயிற்று. பல் செய்கிறவர்களுக்கு வெள்ளை என்று ஒரே நிறம் கிடையாது. மஞ்சளோடிய வெள்ளை, சாம்பல் கலந்த வெள்ளை, டீ குடிப்பவரின் வெள்ளை, சுருட்டு பிடிப்பவரின் வெள்ளை என்று அது ஒரு பெரிய குடும்பம். அந்தக் கண் பழக்கத்தால், மற்றவர்கள் வெள்ளைப்பூ என்று தாண்டிப் போகிற இடத்தில் அக்கா நின்றுவிடுவாள். அப்படி நின்ற இடங்களில்தான் இதுவரை யாரும் கணக்கில் எடுக்காத சில செடிகள் அகப்பட்டன. ஒரு விதியை மட்டும் மீறமாட்டாள். மரத்தில் இருப்பதைத் தொடமாட்டாள். காற்றில் முறிந்து விழுந்த கிளையோடு வருவதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். வரைந்து முடித்ததும் அதே காட்டில் ஒரு மரத்தில் கட்டிவிட்டு வருவாள்.

இந்தச் செடியும் அப்படி வந்ததுதான். கிளைத்துண்டின் மேல் கம்பிபோல விறைத்த ஒரு பூத்தண்டு நின்றது. அதன் பக்கத்தில் அப்போதுதான் தலைகாட்டியிருந்த ஒரு குட்டித் தண்டும் இருந்தது. அக்கா கண்டெடுத்தபோது பெரிய தண்டில் கீழே நான்கு பூக்கள் விரிந்திருந்தன. மற்றவை மொட்டு.

மலையின் ஆர்க்கிட்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. எழுதுகிறவர் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. படங்கள் எல்லாம் அக்காவுடையவை. ஒரே ஒரு பக்கம் காலியாக இருந்தது. அந்தப் பக்கத்துக்குத்தான் இந்தச் செடி. ஒன்பது பூவும் தெரிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பியதும் பேராசிரியை போனில் கூப்பிட்டுவிட்டாள்.

"அக்கா, போட்டோ பார்த்ததுலேருந்து எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நடுவுல மூணும் நெஜமாவே அப்படித்தான் இருக்கா? நீங்க எதையும் திருகிடலையே?"

"பல்லைத்தான் மேடம் நான் திருகுவேன். பூ மேல விரல்கூடப் படலை."

"மத்ததெல்லாம் பார்த்தா இது ஏற்கெனவே பேர் வெச்ச ஒரு செடி மாதிரிதான் இருக்கு. அபூர்வமானது. எங்க கல்லூரி அலமாரியில காஞ்சுபோன ஒண்ணே ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான். உயிரோட இருக்கிறதைப் பார்த்து ஒருத்தரும் வரைஞ்சதில்லை. ஆனா ஒரே தண்டுல ரெண்டு விதமாப் பூக்குதுன்னா, அது இல்ல இது. புது இனம்! அக்கா, புது இனம்னா உங்க பேரைத்தான் வைக்கப்போறேன், இப்பவே சொல்லிட்டேன்."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் பேரா?"

"உங்க பேர்தான். ஆனா ஒண்ணு. ஏன் அப்படித் திரும்புதுன்னு ஒரு வரியாவது காரணம் எழுதணும். இல்லேன்னா படிக்கிறவங்க என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க. மூணு வாரம் கழிச்சு வர்ற சனிக்கிழமை நானே வரேன். அன்னிக்கே அச்சகத்துக்குப் போகணும். காரணத்தைக் கண்டுபிடிச்சு வைங்க."

அன்று சாப்பாட்டு மேசையில் இதே பேச்சுதான். அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களெல்லாம் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன.

"பேரு வைக்கிறாங்கன்னா, முழுப் பேரா, பாதிப் பேரா?" என்று கேட்டார்.

"பேருக்குப் பின்னாடி ஒரு வால் ஒட்டுவாங்களாம்."

"வால் ஏற்கெனவே இருக்கே!" என்றாள் நாத்தனார்.

"ஏய், உன் அண்ணன் குடும்பத்துல எல்லாருக்கும் அது பிறவியிலேயே உண்டு. எனக்கு இப்பதான் தர்றாங்க."

கணவர் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "எங்க லைன்ல, மேலே நிக்க வேண்டியது கீழேயும் கீழே நிக்க வேண்டியது மேலேயும் நின்னா, கண்ட்ரோல்ல கோளாறுன்னு அர்த்தம். உன் செடிக்கு எது மேல், எது கீழ்ன்னு தெரியாமப் போச்சு போல."

வாயில் போட்ட கவளத்தோடு சொன்னதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும்கூட.

அக்கா காரணம் தேடத் தொடங்கினாள். முதலில் வெளிச்சத்தைச் சந்தேகித்தாள். சன்னல் ஒரு பக்கம்தானே இருக்கிறது? ஆனால் ஒன்பது பூவும் ஒரே சன்னலைப் பார்த்துத்தான் வளர்ந்தன. அடுத்து தண்ணீர். தினமும் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பொறுப்பு கணவருடையது. "கன்னாபின்னான்னு தெளிச்சு அதைப் பயமுறுத்திட்டீங்களா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கே! செடி பூத்தா உன் பேரு, கவிழ்ந்தா என் பேரா?" என்றார் அவர். பூச்சி கடித்ததா என்று பூதக்கண்ணாடியில் தேடினாள். ஒரு பொட்டுக் காயம்கூட இல்லை. மூன்று பூவும் கொழுகொழுவென்று, எங்களுக்கு என்ன குறை என்பதுபோல, வாசல்படியைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றன.

இதற்கிடையில் தொழில் காத்திருக்குமா? ஒரு வக்கீலின் பல்செட் பாதியில் நின்றது. வாரக் கடைசியில் மகளைப் பார்க்க வெளியூர் போகிறாராம். காலையிலேயே நேரில் வந்துவிட்டார். பல் இல்லாத வாயால் அவர் வாதாடுவதைக் கேட்க இரண்டு காது போதாது.

"முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி வேணும்மா. எனக்குச் சின்ன வயசுலேருந்து இருந்தது."

"எல்லாரும் இடைவெளியை அடைக்கச் சொல்லுவாங்க சார்."

"அடைச்சிட்டா என் பேத்தி என்னைத் தாத்தான்னு ஒத்துக்க மாட்டா. அது இல்லேன்னா விசில் அடிக்கவும் வராது."

அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இடைவெளி விட்டே பல் நடுவதாக வாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு வேலையில் உட்கார்ந்தாள்.

பல்செட் வேலையில் ஒரு விசித்திரமான கட்டம் உண்டு. மேல்தாடை அச்சும் கீழ்த்தாடை அச்சும் வாயைப் போலவே திறந்து மூட வேண்டும். அதற்காகக் கதவுக்கீல் வைத்த ஒரு பித்தளைச் சட்டத்தில் இரண்டையும் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவார்கள். மேல்தாடையை ஒட்டுவது சுலபம். அச்சின் தலையில் பிளாஸ்டரை வைத்தால் அது தன் பாரத்தாலேயே உட்கார்ந்துவிடும். கீழ்த்தாடைக்கு அடிப்பக்கத்தில் ஒட்டவேண்டும். ஈரப் பிளாஸ்டரை அடியிலிருந்து அப்பினால் மேசைமேல் சொத்தென்று விழும். அதனால் சட்டத்தையே கவிழ்த்து வைத்துவிடுவார்கள். கீழ் மேலாகிவிடும், பிளாஸ்டர் சொன்னபடி கேட்கும். காய்ந்து இறுகியதும் மறுபடி நிமிர்த்துவார்கள். கவிழ்ப்பதும் நிமிர்த்துவதும் அக்காவுக்கு மூச்சு விடுகிற மாதிரி. செய்கிறோம் என்பதே நினைவில் இருக்காது.

வக்கீலின் தாடையைக் கவிழ்த்து, பிளாஸ்டர் இறுகக் காத்திருந்தாள். அப்போது கணவர் உள்ளே வந்தார்.

"ஏம்மா, உன் வைஸைக் கொஞ்சம் எடுத்துக்கறேன். ஒரு கம்பியை அழுத்திப் பிடிக்கணும்."

மேசை ஓரத்தில் திருகி வைத்திருந்த அந்த இரும்புப் பிடியை அவர் கழற்றினார். "ச்சே, பாசி ஒட்டியிருக்கு பாரு. போன வாரம் செடியை இதுல மாட்டிவெச்சதுலேருந்து துடைக்கவே இல்லையா? அது தலைகீழாத் தொங்கினப்போ குனிஞ்சு தண்ணி தெளிச்சா, அப்படியே என் மூஞ்சிலேயே சொட்டும்."

அக்காவின் கை நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க?"

"துடைக்கலைன்னு சொன்னேன். தப்பா?"

"அதில்ல. தலைகீழான்னு சொன்னீங்களே."

"ஆமா. வேரை வரையணும்னு நீதானே கிளையைக் கவுத்து மாட்டினே? அஞ்சாறு நாள் வௌவாலாட்டம் தொங்குச்சு."

மாட்டினாள்தான். ஆர்க்கிட்டின் வேர் கிளையின் அடிப்பட்டையைச் சுற்றிப் பிடித்திருக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் கிளையைக் கவிழ்க்க வேண்டும். பல்செட் செய்கிற கை வேறெப்படிச் செய்யும்? கவிழ்த்து வைஸில் மாட்டினாள், வேரை வரைந்தாள். அந்த நேரம் பார்த்து டாக்டர்களிடமிருந்து வேலை குவிந்தது. செடி அப்படியே தொங்கியது. ஒரு நாள் காலையில் போகிற போக்கில் நிமிர்த்தி வைத்தாள். அதற்குப் பிறகுதான் உச்சியில் இரண்டும் விரிந்தன.

அக்கா மேசையைப் பார்த்தாள். பிளாஸ்டர் இறுகிவிட்டிருந்தது. சட்டத்தை நிமிர்த்தினாள். சற்றுமுன்வரை கூழாக இருந்தது இப்போது அசையவில்லை. இளகியிருந்தபோது எது கீழே இருந்ததோ அந்தப் பக்கம் தட்டையாகப் படிந்து இறுகியிருந்தது. இனி அதை எத்தனை தடவை புரட்டினாலும் மாறாது.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "அன்னிக்கு என்ன சொன்னீங்க? எது மேல், எது கீழ்ன்னு செடிக்குத் தெரியாமப் போச்சுன்னுதானே?"

"சும்மா வாயில வந்ததைச் சொன்னேன்."

"செடிக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. தெரியாமப் போனது எனக்குத்தான்."

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு செடியிடம் ஓடினாள். இத்தனை நாளும் பூவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது முதல் தடவையாகக் கழுத்தைப் பார்த்தாள். பூவைத் தண்டோடு சேர்க்கிற அந்த மெல்லிய காம்பில் நீளவாக்கில் வரிகள் ஓடும். கீழே இருந்த நான்கு பூக்களிலும் அந்த வரிகள் கயிறுபோல முறுக்கியிருந்தன. உச்சி இரண்டிலும் அதே முறுக்கு. நடுவில் மூன்றில் வரிகள் வகிடு எடுத்ததுபோல நேராக இருந்தன.

கதை விளங்கிவிட்டது. மொட்டு சிறிதாக இருக்கும்போது உதடு மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. விரிவதற்கு முன்னால் கழுத்து அரைச்சுற்றுத் திரும்பி அதைக் கீழே கொண்டுவருகிறது. எது கீழ் என்பதைச் செடி தன் எடையால் உணர்கிறது. நடு மொட்டுகளின் முறை வந்தபோது தண்டு தலைகீழாகத் தொங்கியது. உதடு தானாகவே கீழே இருந்தது. திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. அவை ஒழுங்காகத்தான் பூத்தன. பூத்து, கழுத்து இறுகிய பிறகு அக்கா உலகத்தைப் புரட்டிவிட்டாள்.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்தது. மறு நிமிடம் அதன் விலை தெரிந்தது. இரண்டு விதப் பூ இல்லை. புது இனம் இல்லை. அலமாரியில் காய்ந்து கிடக்கிற அதே பழைய செடி. பேரும் இல்லை, வாலும் இல்லை.

நாத்தனார் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சீப்பால் தலையைச் சொறிந்தாள். "இது உங்களுக்கும் அண்ணனுக்கும் மட்டும்தானே தெரியும், அண்ணி?"

"உனக்கும் தெரியும் இப்ப."

"நான் வாயைத் திறக்க மாட்டேன். பேரு வருதுல்ல? அந்த மேடம் காரணம் கேட்டா, இது அதோட சுபாவம்னு சொல்லிடுங்க."

அக்கா நாத்தனாரைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆசை இல்லாமல் இல்லை. மலைக்குப் போகிற பஸ்ஸில் யாரோ புத்தகத்தைப் பிரித்துத் தன் பேரைப் படிப்பதை அவள் இரண்டு மூன்று முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

"அப்புறம் யாராவது இதே செடியைக் காட்டுல பார்ப்பாங்க," என்றாள் கடைசியில். "ஒன்பதும் ஒழுங்கா இருக்கும். என் படத்தைப் பார்ப்பாங்க, செடியைப் பார்ப்பாங்க. இது அது இல்ல போலன்னு விட்டுட்டுப் போயிடுவாங்க. கைல இருக்கிற செடியையே அடையாளம் தெரியாமப் பண்ற படத்துக்கு என் பேரு எதுக்கு?"

"அப்ப போச்சா?"

"போச்சு. ஆனா நான் நினைச்சது சரியான்னு இன்னும் தெரியாது. வைஸைக் கொண்டுவரச் சொல்லு உன் அண்ணனை."

குட்டித் தண்டில் மொட்டுகள் அரிசிபோல இருந்தன. ஈறு தீட்டுகிற தூரிகையில் மிகமிக மெல்லிய முடியாக எடுத்து, இரண்டு மொட்டுகளின் கழுத்தில் நீளவாக்கில் ஒரு மைக்கோடு இழுத்தாள். கிளையை நிமிர்ந்தபடியே வைத்துக் காத்திருந்தாள். மொட்டுகள் பருத்து நிறம் காட்டத் தொடங்கியபோது கோடு சுற்றிக்கொண்டு ஏறியது, கொடிக்கம்பத்தில் கயிறு சுற்றுகிற மாதிரி. உடனே அடுத்த இரண்டு மொட்டுகளில் கோடு போட்டு, கிளையைக் கவிழ்த்து மாட்டினாள். இந்தத் தடவை கோடு நேராகவே நின்றது. கணவர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் குனிந்து பார்த்து, "மாடி மாறலை, லிஃப்ட் ஒழுங்கா நிக்குது," என்று அறிக்கை கொடுத்தார்.

சொன்ன சனிக்கிழமை பேராசிரியை வந்தாள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "எங்கே, அக்கா, அந்த மூணு பேரும்?"

அக்கா காட்டினாள். கழுத்தைக் காட்டினாள், மைக்கோட்டைக் காட்டினாள், வைஸைக் காட்டினாள். வக்கீலின் தாடை அச்சைக்கூடக் கவிழ்த்து நிமிர்த்திக் காட்டினாள். பேராசிரியை ஸ்டூலில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வாங்கி, நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"கழுத்து திரும்புறது தெரியும் அக்கா. பாடத்துல நானே நடத்துறேன். வருஷா வருஷம்! போட்டோவைப் பார்த்ததும் எனக்கு அது தோணவே இல்லையே. புது இனம், புது இனம்னு குதிச்சேன்." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "பேரு போச்சே அக்கா," என்றாள்.

"போனா போகுது. ஒருத்தரும் உயிரோட வரைஞ்சதில்லைன்னீங்களே, அது இருக்குல்ல?"

"அது எங்க போகும்? முதல் படம் உங்களுதுதான். ஒன்பதையும் எப்படி வரையப் போறீங்க?"

"நடுவுல மூணை விட்டுட்டு, காட்டுலேருந்து வந்த நாலும் அப்புறம் விரிஞ்ச ரெண்டும் போதும். கழுத்து முறுக்கு நல்லாத் தெரியற மாதிரி வரைஞ்சுட்டேன்."

அச்சகத்துக்குக் கிளம்பும் அவசரத்திலும் பேராசிரியை வாசலில் நின்றாள். "எல்லாம் சரி. அடுத்த செடிக்கும் வேர் வரையணுமே. கவுக்காம எப்படிப் பார்ப்பீங்க?"

அக்கா மேசைமேல் இருந்த தட்டிலிருந்து பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற, நீளக் காம்பு வைத்த வட்டக் கண்ணாடியை எடுத்தாள். கிளைக்கு அடியில் அதை நீட்டினாள். பட்டையைச் சுற்றிப் பிடித்திருந்த வேர் முழுவதும் அதில் தெரிந்தது.

"இனிமே இப்படித்தான் மேடம். செடி கிடைச்ச உடனே, கிளையில எது மேல்பக்கமா இருந்துச்சோ அங்க ஒரு வெள்ளைப் புள்ளி வெச்சிடுவேன். வரைஞ்சு முடிக்கிறவரைக்கும் அந்தப் புள்ளி மேலேயே இருக்கும். அடிப்பக்கம் பார்க்கணும்னா கண்ணாடிதான் கீழே போகும், செடி கவுழாது."